எத்தனை அடுப்பு?

என் கண்ணுக்கு,

முந்தாநாள் மாடிப்படியில் நின்றுகொண்டு, காய்ந்த துணியைத் தோளில் போட்டபடி, நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, அத்தையப் பாத்து உனக்குப் பொறாமையா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். நானும் சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன கண்ணு பொறாமை, இந்த வயசுல" என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பச்சைப் பொய். உன் மாமியார் மேல் பொறாமைதான். வயிறு எரியும் பொறாமை. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். மனசை விரித்து வையுங்கம்மா என்றார். பங்கு பங்களாவில் அவருக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட ஆள் இருக்கிறது, அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே இந்த அம்மா என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். நேரில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் அழுவேன், மாப்பிள்ளை ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா வீட்டு பிளான் போடுகிறவள். டிப்ளமோ முடித்த கையோடு ஓர் இன்ஜினியரின் ஆபீஸில் டிரேசிங் பேப்பர் மேல் குனிந்தவள், அப்புறம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன், உன் அப்பா போன பிறகு மாநகராட்சி மண்டல ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சொந்தமாக ஓர் அறை எடுத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை சென்ட், எந்தத் திசையில் வாசல், பூஜை அறை எங்கே என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடுப்புங்க?" சிலருக்குச் சிரிப்பு வரும். சிலர் பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் தம்பியாக வந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்தக் குடும்பத்தின் பாதிக் கதை எனக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. விதியே அப்படித்தான் பார்க்கிறது. முதலில் நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமா என்று. விவசாய மண்டலத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் பண்ணை வீடு என்று சொல்லி லாட்ஜ் கட்ட வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன், உனக்குத் தெரியும். அந்தப் படி தாண்டிய பிறகுதான் வீட்டின் வகை. தனி வீடு, சுவர் ஒட்டிய வரிசை வீடு, அடுக்குமாடி, விடுதி. பெரிசு, சிறிசு, மொசைக், மார்பிள் இதையெல்லாம் வைத்துப் பிரிப்பார்கள் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அது இல்லை. தனியாகப் படுக்க, குளிக்க, சமைக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மூன்றும் இருந்தால் அது ஒரு வீடு. எங்கள் பேச்சில் குடியிருப்பு அலகு. பத்துக்குப் பத்து அறையாக இருந்தாலும் சரி, மூலையில் ஒரு மேடையும் ஒரு குழாயும் இருந்து, பின்னால் ஒரு பாத்ரூமும் இருந்தால் அது வீடு. மாடி முழுக்க ஏசி போட்டு, ஊஞ்சல் மாட்டி, பால்கனியில் புல் வளர்த்தாலும் அடுப்பு இல்லையென்றால் அது கீழ்வீட்டின் ஒரு பகுதிதான். அடுப்பு இல்லாத அறைகள் வரிசையாக இருந்து, எல்லாருக்கும் ஒரே இடத்தில் சோறு வெந்தால் அது விடுதி. உள்ளே இருப்பவர்கள் அம்மாவா மகளா, பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்பதெல்லாம் விதிக்கு வேண்டாத சங்கதி.

என் பொறாமை நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதே. சிங்காநல்லூரில் லைன் வீட்டில் இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா மில்லில் எலக்ட்ரீஷியன். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு முன்னறை, ஓர் அடுப்படி, குளிக்க ஒரு மறைப்பு. எங்கள் கணக்கில் அத்தனையும் தனித்தனி வீடு. உனக்கு மட்டும் அது முழுக்க ஒரே வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை நம் வாசலில் எறிந்துவிட்டு நாலு கதவு தள்ளி இருந்த சரசக்கா வீட்டுக்கு ஓடுவாய். அவள் உனக்கு முட்டை தோசை சுட்டுப் போடுவாள். ஒரு நாள் வந்து, "அம்மா, நீ சுடறது நல்லாவே இல்ல, சரசக்காகிட்ட கத்துக்க" என்றாய். அந்த வாரம் முழுக்க நான் முட்டை தோசையாகச் சுட்டேன். காலையில் முட்டை தோசை, சாயங்காலம் முட்டை தோசை. கடைசியில் தட்டைப் பார்த்ததும் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். உன் அப்பாதான், "ஏனம்மணி, குழந்தையோட போயா போட்டி போடுவ?" என்று தட்டை எடுத்து வைத்தார். போட்டி குழந்தையோடு இல்லை, சரசக்காவோடு என்று அவருக்கும் தெரியும்.

அடுப்பு விஷயத்தில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை எனக்குக் காட்டியது உடுமலையிலிருந்து வந்த அண்ணன் தம்பி. தேங்காய் மண்டி வைத்திருந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே இடம் வாங்கியிருந்தார்கள். எத்தனை அடுப்புங்க என்றேன். அண்ணன்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணே ஒண்ணுங்க. நாங்க பிரியற ஆளுங்க இல்லீங்க" என்றார். தம்பியும் தலையாட்டினார். அடுத்த வாரம் தம்பி சம்சாரம் மட்டும் தனியாக வந்தது. "ஏனுங்க்கா, மேல ஸ்டோர் ரூம்னு ஒண்ணு போட்டுருங்க. தண்ணி லைன் மட்டும் உட்டுருங்க. பெரியவருக்குத் தெரிய வேண்டாமுங்க." நான் ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன். பெயர் மாற்றி எழுதினாலும் அடுப்பு அடுப்புதான் அம்மணி, ஒன்று என்று சொல்லி இரண்டு வைத்தால் பின்னால் யாராவது வந்து பார்த்தால் உங்களுக்குத்தான் வம்பு என்றேன். "சரிங்க்கா" என்று எழுந்து போய் அடுத்த தெருவில் வேறு ஒருவரிடம் போட்டுக்கொண்டது. அந்த வீட்டு விசேஷத்துக்கு நான் போயிருந்தேன். ஸ்டோர் ரூமில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கீழே பெரியவர் எல்லாரிடமும் ஒரே அடுப்பு, ஒரே குடும்பம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சரவணம்பட்டி இடத்துக்கு பிளான் போட வந்த அன்று, நீ வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை அடுப்பு என்று உன்னிடம் கேட்கவே இல்லை, நம் வீட்டுக்கு எதற்கு அந்தக் கேள்வி என்று விட்டுவிட்டேன். நீ சொல்லச் சொல்ல வரைந்தேன். கீழே ஹால், சமையலறை, உங்கள் அறை, பக்கத்தில் அத்தைக்கு ஓர் அறை. அப்புறம் நீ, "மேல உனக்கு ஒரு போர்ஷன்மா. தனிப் படி, தனி பாத்ரூம், உனக்குன்னே ஒரு கிச்சன். யாரும் ஒரு வார்த்த சொல்ல முடியாது" என்றாய். நீ எதற்காகச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் அம்மாக்காரி போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நம் சொந்தபந்தம் வாய்க்கு வந்தபடி பேசும். தனிப் படியும் தனி அடுப்பும் இருந்தால் அது நான் குடியிருக்கும் வேறு வீடு, என் கௌரவம் என்னோடு. எவ்வளவு யோசித்திருக்கிறாய்! உன் முகத்தைத் தடவி முத்தம் கொடுத்திருக்க வேண்டும். நானோ திரையைப் பார்த்தபடி மேல் தளத்தில் சமையல் மேடையை வரைந்தேன். குடியிருப்பு அலகுகள் என்ற இடத்தில் இரண்டு என்று தட்டினேன். தட்டிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு எண்ணில் நீ எங்களை வகை பிரித்துவிட்டாய் கண்ணு. சம்பந்தியம்மா உன் வீடு. நான் மேல்வீடு. அவர்களை உனக்குத் தெரிந்து நாலு வருஷம் ஆகிறது. என்னை உனக்கு எப்போதிருந்து தெரியும்? கணக்குப் பார்த்தேன், சின்னப்பிள்ளைத்தனமாகப் பார்த்தேன். அவர்கள் உன் அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிடுவார்கள். உனக்குத் தலைவலி என்றால் அவர்களுக்கு முதலில் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் முறைத்துக்கொண்டால் யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு மாடியில் கௌரவம் இருக்கும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஆபீஸுக்குப் போனேன். உன் பிளானைத் திறந்து மேல் தளத்துச் சமையல் மேடையைத் துடைத்தேன். அந்த இடத்தில் படிப்பறை என்று எழுதினேன். ஊரார் சமையலறையை ஸ்டோர் என்பார்கள், நான் சமையலறையையே எடுத்துவிட்டேன். இரண்டு ஒன்றாயிற்று. அடுப்பு இல்லாவிட்டால் நான் உங்களோடுதானே சாப்பிட்டாக வேண்டும்? உன்னிடம், ஒரே அலகு என்றால் அனுமதி சீக்கிரம் வரும், வண்டி நிறுத்துகிற இடமும் குறைவாகக் காட்டலாம் என்று ஏதோ சொன்னேன். நீ ஹெட்செட்டைக் காதில் மாட்டியபடியே சரி சரி என்றாய். ஆன்லைனில் ஏற்றினேன். அனுமதியும் வந்தது.

மேல் தளம் எழும்பி, பைப் போடுகிறவர் வந்து நின்றபோதுதான் குட்டு உடைந்தது. "ஏனுங்கம்மா, மேல கிச்சனுக்கு லைன் எங்கீங்க உடறது? படத்துல காணமே." நீ அன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சைட்டில் இருந்தாய். மாப்பிள்ளை இருந்தார், சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். நீ படத்தை வாங்கிப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "உனக்குன்னு ஆசையாப் போடச் சொன்னேன். ஏம்மா எடுத்துட்ட?" நான் ஜல்லிக் குவியல் மேல் நின்றுகொண்டு, "எனக்கு அடுப்பு வேண்டாம் கண்ணு. நான் உங்களோடயே சாப்புட்டுக்கறேன்" என்றேன். கௌரவமாவது ஒன்றாவது. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அப்போது பேசியது சம்பந்தியம்மாதான். "அப்ப அந்த அடுப்ப எனக்குக் குடுத்துருங்களேன்" என்றார்கள். மாப்பிள்ளை, "அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார். அவர்கள் சும்மா இருக்கவில்லை. "இல்லடா, சொல்லிர்றேன். வால்பாறையில அந்த ஹாஸ்டல்ல வார்டனா இருந்தேன் பாருங்க, அத்தன வருஷமும் எனக்குன்னு ஒரு அடுப்பு கெடையாதுங்க. மணி அடிச்சா மெஸ் சாப்பாடு. இவனுக்குக் காய்ச்சல்னாலும் மெஸ் கஞ்சிதான். ராத்திரி ஒரு முட்டைய வேக வெச்சுக் குடுக்கலாம்னாக்கூட முடியாது. பிளான்ல உங்களுக்குத் தனியா கிச்சன் போட்டதப் பாத்தப்ப எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சுதுங்க. பொய் சொல்ல மாட்டேன். மாடி ஏர்றது எனக்கு ஒண்ணுமில்லீங்க, மலையில நடந்த காலு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை திரும்பி நின்றுகொண்டார். நீ ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். அந்த அம்மாள் மாடிக்கு, நான் கீழே, உன் அறைக்கு அடுத்த அறை எனக்கு. அன்று சாயங்காலமே உட்கார்ந்து திருத்திய படம் போட்டேன். மேலே அடுப்பு, கீழே அடுப்பு, அலகுகள் இரண்டு. இந்தத் தடவை இரண்டு என்று தட்டியபோது கை இனித்தது.

சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்தார், குடிவந்தோம். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. உன் வீட்டில் இருக்கிறேன், உன் அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறேன். என் மகராசி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் அடுப்படிக்கு வந்தால், "நீ உக்காரும்மா, இத்தன வருஷம் ஒழச்சது போதும்" என்கிறாய். கரண்டியை வாங்கிக்கொள்கிறாய். தட்டு என் முன்னால் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. மணி அடிப்பதுதான் பாக்கி.

நீ மட்டும் காலையில் எழுந்ததும் மாடி ஏறிவிடுகிறாய். மேலே டிகாக்ஷன் வாசம், கடுகு வெடிக்கிற சத்தம், அப்புறம் உங்கள் இரண்டு பேரின் சிரிப்பு. அந்த அம்மாளுக்குச் சமைக்கவே தெரியாது கண்ணு. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஊற்றுகிற மாதிரிதான் சாம்பார் வைக்கிறார்கள். உப்புமாவை மண்வெட்டி கொண்டுதான் எடுக்க வேண்டும். அதை நீ உள்ளங்கையில் வைத்து நக்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறாய். ஆபீஸ் கதை, மாப்பிள்ளை கதை, டாக்டரிடம் போன கதை எல்லாம் மேலே சொல்லியாகிவிடுகிறது. கீழே வரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடும். போன வாரம் போனில் யாரிடமோ பேசினாய், கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. "நான் அத்தை ஊட்ல இருக்கறேன், சாவி அம்மா ரூம்ல இருக்குது." நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. நான் வரைந்த படத்தில் இருப்பதைத்தான் சொன்னாய். அவர்களுக்கு வீடு, எனக்கு ரூம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்றேன், நீ நம்பிவிட்டாய்.

இவ்வளவு நாள் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை பார். யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் உறவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் என் அடுப்பை நானே துடைத்தேன். ஒருவர் நம்மைத் தேடி வர வேண்டுமென்றால் அவர்களுக்குக் கொடுக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சரசக்காவிடம் ஒரு தோசைக்கல் இருந்தது, நீ ஓடினாய். சம்பந்தியம்மாவிடம் இப்போது ஓர் அடுப்பு இருக்கிறது, ஓடுகிறாய். என்னிடம் என்ன இருக்கிறது? சாவி இருக்கிறது. உனக்கு அம்மாவாக ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளோடு போய் இருக்க வேண்டிய நாள் வரும். அப்போது உட்காருங்க, ஓய்வெடுங்க என்று அவர்கள் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கரண்டியைக் கையிலிருந்து விட்டுவிடாதே. அதை விட்டுவிட்டால் நல்ல விடுதியில் நல்லபடியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷி. ஜல்லி மேட்டில் நின்று எனக்கு வயிறு எரிந்தது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்களே, அந்தத் துணிச்சலுக்காகவே அவர்களைப் பிடிக்கும். எனக்கு அது எழுத்தில்தான் வருகிறது. பிடித்திருந்தாலும் பொறாமை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அதனால் ஒரு காரியம் செய்துபோட்டேன். நேற்று ஆபீஸ் முடிந்து காந்திபுரம் போய் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வந்து, என் அறை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. படுக்க, குளிக்க, சமைக்க மூன்றும் ஆயிற்று. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டடத்தில் இப்போது மூன்று வீடு. இன்னொரு வண்டிக்கு இடம் காட்ட வேண்டும், மறுபடியும் படம் திருத்த வேண்டும். திருத்தப் போவதில்லை. யாராவது வந்து கேட்டால் ஸ்டோர் ரூம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நாளைக் காலையில் படி ஏறுவதற்கு முன்னால் என் கதவைத் தட்டு. புதுப் பால் வாங்கி வைத்திருக்கிறேன், காபித்தூள் நீ சின்ன வயதில் கேட்டு அடம்பிடிப்பாயே, அந்தக் கடையில் அரைத்தது. உன் மீட்டிங் ஆரம்பிப்பதற்குள் குடித்துவிடலாம். இனிமேல் டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு முதலில் சொல். சம்பந்தியம்மாவையும் ஒரு நாள் கூப்பிடத்தான் போகிறேன், அது மரியாதை. ஆனால் நாளைக்கு வேண்டாம். நாளைக்கு நீ மட்டும் வா.